லூர்துமேரியும் பிரெஞ்சு பேசிய மெஷினும்

லூர்துமேரி பாண்டிச்சேரிக்குப் போனது பழைய மரச்சட்டம் வாங்க. அங்கே படங்களுக்கு பிரேம் போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கடையைக் காலி செய்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்புகிறார், சட்டமெல்லாம் மலிவாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காலையில் பஸ் ஏறிப் போனவள் சாயங்காலம் ஒரு மினி லாரியின் முன்சீட்டிலிருந்து இறங்கினாள். லாரியின் பின்னால், சட்டங்களுக்கு நடுவே, தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டிக் கட்டில் அளவுக்கு ஏதோ ஒன்று படுத்திருந்தது.

அது 2001-ம் வருஷம். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் மருந்துக் கடைக்கும் டெய்லர் கடைக்கும் நடுவில் அவளுடைய பிரேம் கடை. வேளாங்கண்ணி மாதா, முருகன், கல்யாண போட்டோ, இறந்துபோனவர்களின் பெரிதாக்கிய படம், பக்கத்து நெய்வேலி டவுன்ஷிப்பில் ரிட்டயர் ஆகிறவர்களின் குரூப் போட்டோ, எது வந்தாலும் கண்ணாடி வைத்துச் சட்டம் அடித்துக் கொடுப்பாள். நாற்பத்தாறு வயது. வேகமாக நடப்பாள், வேகமாகப் பேசுவாள், முடிவும் வேகமாகத்தான் எடுப்பாள். அவள் கணவர் செல்வநாதன் நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் வேலை. சட்டை வாங்கினால்கூட இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போட்டுக்கொள்கிற மனிதர்.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவர் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்ற சாமானைப் பார்த்தார்.

"இன்னா மேரி இது?"

"மவுண்ட் வெட்டற மெஷினுங்க. கம்ப்யூட்டர்ல ஓடறது."

"கையாலதான வெட்டிகினு இருந்த?"

"கையால நேர்க்கோடுதாங்க வரும். இது வட்டமா வெட்டுது. பூ மாதிரி வெட்டுது. அந்த வெள்ளக்காரர் ஒரு தட்டு தட்டினாரு, கத்தி தானா ஓடி ஒரு மீனு வெட்டிடுச்சு."

"மீனா?"

"மீனுதான். செதிலோட."

செல்வநாதன் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இத எங்க வெக்கிறது?"

"அத உங்ககிட்டதான் கேக்கலாம்னு இருந்தேன்."

மவுண்ட் என்பது படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைக்கிற கெட்டி அட்டை. நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டி, அதன் வழியாகப் படம் தெரியும்படி வைப்பார்கள். கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெட்டினால், ஜன்னலின் விளிம்பில் அட்டையின் உள்வெள்ளை ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். அந்த வெள்ளைக் கோடுதான் அழகு. லூர்துமேரி அதைக் கையால் ஒழுங்காகவே வெட்டுவாள். ஆனால் அந்த மீனைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு நேர்க்கோடு போதவில்லை.

கடையிலிருந்த மேஜையை வெளியே எடுத்துப் போட்டு மெஷினை உள்ளே வைத்தார்கள். அது முழுக் கடையையும் பிடித்துக்கொண்டதால், அதற்கப்புறம் வாடிக்கையாளர்கள் தெருவில் நின்றுதான் பேச வேண்டியிருந்தது. மறுநாள் காலை ஊதுபத்தி ஏற்றி, ஜெபம் சொல்லி, அட்டையை வைத்து, கம்ப்யூட்டரைப் போட்டார்கள். திரையில் ஒரு கட்டம் வந்தது. கட்டத்துக்குள் நீளமாக ஒரு கேள்வி. கீழே இரண்டு பொத்தான்கள்.

"இங்கிலீஷ் மாதிரிதான் கீது. ஆனா இங்கிலீஷ் இல்ல," என்றாள் லூர்துமேரி.

செல்வநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டினார். "ஓ, யு, ஐ. ஓய். இந்தப் பக்கம், என், ஓ, என். நான்." கொஞ்சம் யோசித்தார். "ஓய்னு கூப்புடறது மரியாதையா இல்ல. நான்னு போடு."

அவள் 'நான்' என்பதைத் தட்டினாள். மெஷினின் கத்தி மாட்டிய தலை கடகடவென்று ஓடி மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி அதே கேள்வி. மறுபடி 'நான்'. மறுபடி மூலை. அட்டையில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஒரு வாரம் இப்படியே போயிற்று. எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த குஞ்சிதபாதம் வந்து பார்த்தார். வைரஸ் என்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்றார்.

"அழிச்சா அந்த மீனும் அழிஞ்சிடுமா?"

"எல்லாமே போயிடும்."

"அப்ப வாணாங்க. அது மூலையிலயே முட்டிகினு இருக்கட்டும்."

சந்திரகலா அந்தக் கடைக்கு வந்தது அந்த வாரத்தின் கடைசியில். டவுன்ஷிப்பில் அக்கவுன்ட்ஸ் ஆபீசர் கருணாகரனின் மனைவி. ஐம்பது தாண்டியவள், மெலிந்த உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை. லேடீஸ் கிளப்பில் அவளை 'சத்தம் போடாத அம்மா' என்பார்களாம். கிராஸ் ஸ்டிச் தையலில் துணியில் தானே போட்ட ஒரு மயிலுக்கு பிரேம் போடக் கொண்டுவந்திருந்தாள். தெருவில் நின்றபடி பேசிக்கொண்டிருந்தவள், லூர்துமேரியின் தோளுக்கு மேல் எட்டித் திரையைப் பார்த்தாள். பார்த்ததும் மெல்ல வாய்விட்டுப் படித்தாள். லூர்துமேரியின் காதுக்கு அது யாரோ மூக்கால் பாடுவது போல இருந்தது.

"மேடம், இதப் படிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"பிரெஞ்சுங்க. நான் காரைக்கால். ஸ்கூல்ல எல்லாமே பிரெஞ்சுதான்."

"இன்னா கேக்குது?"

"கத்தி மாட்டியிருக்கான்னு கேக்குது. ஆமான்னா இது, இல்லன்னா அது. நீங்க எதைத் தட்டறீங்க?"

லூர்துமேரி 'நான்' என்பதைக் காட்டினாள்.

"அது 'இல்ல'ங்க."

"ஒரு வாரமா கத்தி இல்ல, கத்தி இல்லன்னு சொல்லிகினு இருக்கேனா?"

"பாவம், அது நம்பிட்டுது," என்றாள் சந்திரகலா. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிப் பார்த்தாள், நிற்கவில்லை. லூர்துமேரிக்கு முதலில் வெட்கம், அப்புறம் அவளும் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மருந்துக் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கே சந்திரகலா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சட்டக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் திரையைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, லூர்துமேரி பதில் சொன்னாள். கத்தி இருக்கிறது. அட்டை இருக்கிறது. அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, எல்லாம் மில்லிமீட்டரில். என்ன உருவம் வேண்டும்? வட்டம், நீள்வட்டம், இதயம், நட்சத்திரம் என்று வரிசையாக வந்தது. லூர்துமேரி யோசிக்காமல் நீள்வட்டத்தைத் தொட்டாள்.

தலை மூலையை விட்டுக் கிளம்பியது. ஒரு இடத்தில் நின்று கத்தியை இறக்கியது. அப்புறம் வெண்ணெயில் விரலை இழுப்பது போல ஒரே வீச்சில் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே முடித்துவிட்டுத் தூக்கிக்கொண்டது. லூர்துமேரி அட்டையைக் கையில் எடுத்தாள். நடுவிலிருந்த முட்டை வடிவத் துண்டு 'பொத்' என்று காலடியில் விழுந்தது. விளிம்பு முழுக்க அந்த வெள்ளைக் கோடு, எங்கேயும் தடித்துப் போகாமல், எங்கேயும் மெலிந்து போகாமல் ஓடியது.

இரண்டு பேரும் மாறி மாறி அந்த விளிம்பை விரலால் தடவினார்கள்.

"இன்னொன்னு போடலாமா?" என்றாள் சந்திரகலா.

அதற்கப்புறம் அவளுக்குக் கடைக்கு வர ஒரு சாக்கு தேவைப்படவில்லை. சாயங்காலம் வாக்கிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள். உண்மையைச் சொல்லியிருந்தால் கருணாகரன் தடுத்திருக்க மாட்டார். ஆனால் எதற்கு என்று கேட்டிருப்பார். அவர் எதற்கும் காரணம் கேட்கிறவர். அந்தக் காரணம் அவளிடமே இல்லை.

மெஷின் சொல்லித் தந்த பாடங்களில் பாதி அட்டையை நாசம் செய்து கற்றவை. கத்தி ஆழமாக இறங்கினால் அடியில் இருக்கும் பலகையும் சேர்ந்து கிழிந்தது. மேலாக இறங்கினால் ஜன்னல் பிய்ந்துகொண்டு வந்தது. முனை மழுங்கினால் வெள்ளைக் கோடு பஞ்சு பஞ்சாக உதிர்ந்தது. மந்தாரக்குப்பத்தில் கரண்ட் போனால் தலை பாதி வழியில் செத்த மாதிரி நின்றுவிடும். பக்கத்திலேயே அனல் மின் நிலையத்தில் ஊருக்கெல்லாம் கரண்ட் காய்ச்சுகிறார்கள், நமக்கு இல்லை என்று லூர்துமேரி புலம்புவாள். கரண்ட் வந்ததும் மெஷின் ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் கத்தி இருக்கிறதா என்று கேட்கும்.

"இருக்கு, இருக்கு," என்பார்கள் இருவரும் ஒரே குரலில்.

சிக்கல் தமிழ் எழுத்தில்தான் வந்தது. மெஷினுக்குத் தமிழ் தெரியாது. சந்திரகலா தையலுக்குக் கட்டம் போட்டுப் பழகியவள் ஆதலால், மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்து எழுத்தின் உருவத்தைக் கோட்டில் வரைந்துவிட்டாள். முதலில் 'நெய்வேலி' என்று வெட்டினார்கள். கத்தி ஓடி முடித்ததும் லூர்துமேரி அட்டையைத் தூக்க, எழுத்துகளோடு சேர்ந்து அவற்றின் சுழிக்குள் இருந்த துண்டுகளும் உதிர்ந்துவிட்டன. கொம்பும் இல்லை, வளைவும் இல்லை, அங்கங்கே ஓட்டைகள்தான் மிச்சம்.

"அக்கா, 'வே'வுக்கு வயிறே இல்ல."

"நெய்யும் போச்சு, வேலியும் போச்சு லூர்து," என்றாள் சந்திரகலா. அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பில் டெய்லர் ஒரு ஜாக்கெட்டைத் தப்பாக வெட்டிவிட்டதாகச் சண்டைக்கே வந்தார். அப்புறம் சுழிக்கும் எழுத்துக்கும் நடுவில் மெல்லிய பாலம் ஒன்றை விட்டு வெட்டக் கற்றுக்கொண்டார்கள்.

கற்றுக்கொண்ட பிறகு பிடித்ததுதான் கிறுக்கு. கண்ணில் பட்டதற்கெல்லாம் மவுண்ட். மருந்துக் கடையின் 'இன்று விடுமுறை' பலகைக்குப் பூ பார்டர். குஞ்சிதபாதத்தின் கடைக்கு விலைப்பட்டியலைச் சுற்றி நட்சத்திரங்கள். அவர் மட்டும் அதைப் பார்த்துவிட்டு, வைரஸ் தானாகவே போயிருக்கும் என்றார். லூர்துமேரி தன் கல்யாண போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்து நீள்வட்டத்தில் போட்டாள், பிடிக்கவில்லை என்று தாமரையில் போட்டாள், அதுவும் போதாமல் தாமரைக்குள் நீள்வட்டம் போட்டாள். ஒருநாள் செல்வநாதன் மைன்ஸிலிருந்து வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"மேரி, என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எங்க?"

"முன்னாடி மாட்டியிருக்கேங்க. பாக்கலையா?"

பார்த்திருந்தார். கடை முகப்பில், இதய வடிவ மவுண்டுக்குள், மீசையோடு அவர் முறைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ரோஜா.

"ஷிப்ட்ல எல்லாரும் கேக்கறாங்க."

"இன்னான்னு?"

"அவங்களுக்கும் ஒண்ணு வோணுமாம்," என்றார் செல்வநாதன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சந்திரகலாவின் வீட்டிலும் தடயம் விழுந்துகொண்டுதான் இருந்தது. வெட்டும்போது பறக்கிற வெள்ளைத் துகள் தலைமுடியில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கருணாகரன் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்திரா, நீ வாக்கிங் போற வழியில எங்கயாவது பனி பெய்யுதா?"

"தெரியலயே," என்று ரசம் ஊற்றினாள் அவள்.

மாசி மாதம் அவர் ஆபீஸிலிருந்து இளவழகன் என்ற கிளார்க் கடைக்கு வந்தார். மாதக் கடைசியில் ஒரு ஆபீசருக்குப் பிரிவு உபசார விழா. பெரிய குரூப் போட்டோ, மேலே பெயர் வெட்டி, பிரமாதமாக வேண்டும் என்றார். பெயர் கருணாகரன் என்றார். லூர்துமேரி அளவைக் குறித்துக்கொண்டு அவரை அனுப்பினாள். அப்புறம் சட்டக் குவியலுக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்த சந்திரகலாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார் ரிட்டயர் ஆவறாரா?"

"ஆமா."

"அப்ப குவார்ட்டர்ஸ்?"

"காலி பண்ணணும். காரைக்கால்ல வீடு இருக்கு. அங்கதான்." சந்திரகலா மவுஸின் வயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "சொல்லணும் சொல்லணும்னு தினமும் நெனச்சேன். வந்து உக்காந்தா சொல்ல மனசு வரல லூர்து."

லூர்துமேரிக்கு ஒரு இடத்தில் நின்று வருத்தப்பட வராது. அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே நல்ல அட்டையை, கடைசியாக ஒன்றே ஒன்று மிச்சமிருந்த மெரூன் அட்டையை எடுத்தாள்.

"சரி. சாருக்கு ஊரே பாக்கற மாதிரி செஞ்சிடுவோம்."

நான்கு சாயங்காலம் வரைந்தார்கள். மேலே வளைவாகப் பெயர், இரண்டு மூலையிலும் மயில், சுற்றிலும் லேஸ் மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள். வெட்டுகிற அன்று செல்வநாதனும் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். மெஷின் வழக்கமான கேள்விகளைக் கேட்டது. கத்தி இருக்கிறது. அட்டையின் முகம் கீழே இருக்கிறதா? கவிழ்த்து வைத்த அட்டைக்கு 'ஆமாம்' என்றால்தான் மெஷின் எழுத்தைத் திருப்பி வெட்டும், முகப்பில் அது நேராகத் தெரியும். சந்திரகலா தன் கணவரின் பெயரையே பார்த்துக்கொண்டு ஏதோ நினைவில் 'இல்லை' என்று தட்டிவிட்டாள். தலை மயிலை வெட்டியது, லேஸை வெட்டியது, பெயரை வெட்டியது. அரைமணி நேரம் மூச்சுக்கூட விடாமல் பார்த்தார்கள். லூர்துமேரி அட்டையைத் தூக்கி முகத்தைத் திருப்பினாள்.

பெயர் கண்ணாடியில் தெரிவது போல வலமிருந்து இடமாக இருந்தது. மயில்கள் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆதலால் ஒன்றும் ஆகவில்லை.

"இன்னாக்கா இது, சாரு வந்த வழியே திரும்பிப் போறாரு," என்றாள் லூர்துமேரி.

சந்திரகலா அழத்தான் வாயெடுத்தாள். வந்தது சிரிப்பு. லூர்துமேரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி 'ன்ரகணாருக' என்று படித்துக் காட்டினாள். செல்வநாதன் இருவரையும் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், வழக்கம்போல யோசித்தார்.

"பின்பக்கத்த முன்னாடி வெச்சா சரியாத்தான இருக்கும்?"

சிரிப்பு நின்றது. அட்டையின் முதுகு நல்ல வெள்ளை. திருப்பினால் பெயர் நேராகிவிட்டது. லூர்துமேரி எழுந்து ஓடி டெய்லரிடம் மெரூன் வெல்வெட் துணி வாங்கிவந்து அடியில் கொடுத்தாள். பால் போன்ற வெள்ளையில் எழுத்துகள் ஒவ்வொன்றும் பட்டாக எழுந்தன. முதலில் நினைத்திருந்ததைவிட இது அழகாக இருந்தது என்பதை மூன்று பேருமே ஒப்புக்கொண்டார்கள்.

விழாவில் மாலை, சால்வை, நீண்ட பேச்சுகள். கடைசியில் மேல் துணியை விலக்கியதும் ஹாலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கருணாகரன் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பின்னால் திருப்பிப் பார்த்தார். பிறகு மயில்களிடம் வந்து நின்றுவிட்டார். வீட்டு ஹாலில் தினமும் பார்க்கிற மயில் அது, கழுத்தை அதே மாதிரி ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தது. ஏற்புரையில் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, "இதை யார் செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியணும்," என்றார்.

இளவழகன் கடையின் பெயரைச் சொல்ல எழுவதற்குள் பெண்கள் வரிசையில் சந்திரகலா எழுந்து நின்றாள்.

"மந்தாரக்குப்பத்துல லூர்துமேரியும் நானும் செஞ்சோம்."

ஹால் முழுவதும் திரும்பியது. கருணாகரன் மைக்கை விட்டு நகராமலே அவளைப் பார்த்தார்.

"அப்ப பனி அங்கதான் பெய்யுதா?"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சத்தம் போடாத அம்மா மட்டும், டவுன்ஷிப்புக்கு வந்த இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, நாலு பேர் முன்னால் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளவே இல்லை. மேடையில் அவரும் சிரிக்க ஆரம்பித்தார். காரணம் தெரியாமலே ஹாலும் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்ததும் அவர் எல்லாவற்றையும் கேட்டார். மெஷின் எப்படி ஓடுகிறது, எழுத்து எப்படி வருகிறது, எதற்கு மறைத்தாய். "எனக்கு அங்க இருக்கப் பிடிச்சிருக்குங்க," என்றாள் அவள், கடைசிக் கேள்விக்கு. அவர் தண்ணீர் குடித்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"காரைக்கால் வீட்டுல குடியிருக்கறவங்க நல்ல மாதிரி. அவங்களை ஏன் காலி பண்ணச் சொல்லணும்?"

டவுன்ஷிப்பில் சாமான் ஏற்றிய லாரி என்றால் சென்னைக்கோ சொந்த ஊருக்கோ போகும். இவர்களுடைய லாரி டிரைவர் காரைக்கால் பக்கம் என்று நினைத்துக்கொண்டு டீசல் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். மந்தாரக்குப்பம் என்றதும் இறங்கி வந்து மறுபடி கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு சந்திரகலா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கருணாகரன் பக்கத்தில் ஒரு பூந்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வாடகை வீடு கடைத்தெருவுக்கு அடுத்த தெருவில். லாரி கடையைத் தாண்டும்போது லூர்துமேரி நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"அக்கா, இப்பதான் புதுப் பார்ட்டி வந்துகீறாங்க. வளைகாப்பு போட்டோ. வளையல் வளையலா ஜன்னல் வெட்டணுமாம். எறங்கி வாங்க."

"சாமானெல்லாம் இருக்கே லூர்து."

"சாமான் எங்கயும் ஓடாது."

சந்திரகலா கணவரைப் பார்த்தாள். அவர் கதவைத் திறந்து, பூந்தொட்டியோடு இறங்கி அவளுக்கு வழி விட்டார். அவள் குதித்தே விட்டாள். இரண்டு பேரும் கடைக்குள் ஓடினார்கள். டிரைவர் என்ஜினை அணைத்தார். கருணாகரன் மருந்துக் கடையில் அன்றைய பேப்பரை இரவல் வாங்கி, முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினார்.